ரெக்கார்டிங் பாக்ஸ் வாங்கப் போறீங்களா? முன்பக்கத்த விடுங்க, பின்பக்கத்த திருப்பிப் பாருங்க

மதுரை டவுன்ஹால் ரோட்டுல ஏதாவது ஒரு டிவி கடைல போயி "அண்ணே, ரெக்கார்டிங் இருக்குற டிஷ் பாக்ஸ் வேணும்"னு கேட்டுப் பாருங்க. "எல்லாத்துலயும் இருக்கு தம்பி, பென்டிரைவ் சொருகுனா போதும்"னு பதில் வரும். அது பொய்யில்ல. ஆனா கேக்குறவரு மனசுல இருக்குற ரெக்கார்டிங் வேற, கடைக்காரரு சொல்ற ரெக்கார்டிங் வேற. கேக்குறவரு நெனப்பு என்னன்னா, ஒரு சேனல் அதுபாட்டுக்கு பதிவாகிட்டு இருக்கும், அதே நேரம் வீட்ல அம்மா வேற சேனல்ல சீரியல் பாத்துக்கிட்டு இருப்பாங்க, பதிவானத அப்புறமா லேப்டாப்ல போட்டுப் பாக்கலாம், துபாய்ல இருக்குற மச்சானுக்கு அனுப்பலாம். கடைக்காரரு சொல்றது, நீங்க என்ன பாக்குறீங்களோ அத பென்டிரைவ்ல எழுதி வைக்கும், அவ்வளவுதான்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணு விஷயம் இருக்கு. டியூனர் (பாக்ஸுக்குள்ள சேனல் சிக்னல புடிக்கிற பாகம்) எத்தனை, பதிவு எதுல போயி உக்காருது, அதோட சாவி யாருகிட்ட இருக்கு. அட்டைப்பெட்டி மேல பெரிய எழுத்துல போட்டிருக்குற 500 ஜிபி, 1 டிபி எல்லாம் இந்த மூணுக்கும் பின்னாடிதான் வருது. அதனால அடில இருந்து ஆரம்பிப்போம்.

மொட்டமாடில இருந்து டிவி வரைக்கும்

சேட்டிலைட்டு பூமத்திய ரேகைக்கு மேல கிட்டத்தட்ட 36,000 கிலோமீட்டர் உயரத்துல, பூமி சுத்துற அதே வேகத்துல சுத்துது, அதனால நமக்கு ஒரே எடத்துல நிக்கிற மாதிரி தெரியும். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு எடம். டாடா பிளே 83 டிகிரி கிழக்கு, டி2ஹெச் 88, டிடி ஃப்ரீ டிஷ் 93.5, டிஷ் டிவி 95, ஏர்டெல் 108.2. சன் டைரக்ட் 93.5லயும் 91.5லயும் இருக்கு, அது 2010 ஜூலைல இன்சாட் 4பி சேட்டிலைட்டுல கரண்ட் கோளாறு வந்து பாதி செயலிழந்தப்ப பக்கத்துல இருந்த மீசாட் சேட்டிலைட்டுக்கு ஓட வேண்டி வந்த கதையோட மிச்சம்.

மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்க வெறும் 10 டிகிரில இருக்கு. அதனால நமக்கு இந்த சேட்டிலைட்டெல்லாம் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேல. 83 டிகிரி சேட்டிலைட்ட இங்க இருந்து பாக்கணும்னா சுமார் 77 டிகிரி அண்ணாந்து பாக்கணும், 93.5க்கு 68 சொச்சம், 108.2க்கு 53. டெல்லில டிஷ் செவத்துல நிமிந்து நிக்கும், நம்ம ஊர்ல பாதி மல்லாந்து கெடக்கும். இதுல ஒரு லாபம் ஒரு நஷ்டம் ரெண்டும் இருக்கு, மழையப் பத்தி பேசும்போது சொல்றேன்.

டிஷ்ஷுக்கு முன்னாடி கம்பில நீட்டிக்கிட்டு இருக்குற கொம்பு மாதிரியான சாமானுக்குப் பேரு எல்என்பி. மேல இருந்து வர்ற அலை 10.7ல இருந்து 12.75 கிகாஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள கேயூ பேண்ட், அத அப்படியே கேபிள்ல எறக்க முடியாது, பாதி வழிலயே செத்துப்போகும். எல்என்பி அத 950 டூ 2150 மெகாஹெர்ட்ஸுக்கு கொறச்சு கேபிள்ல அனுப்புது, கீழ பாக்ஸுக்குள்ள இருக்குற டியூனர் அத வாங்கிக்குது.

கேபிள் டிவி பாக்ஸும் டிஷ் பாக்ஸும் ஒண்ணில்ல, இத இங்கயே சொல்லிர்றேன். அரசு கேபிள் பாக்ஸ எடுத்து டிஷ்ஷுல மாட்ட முடியாது, டிஷ் பாக்ஸ கேபிள் ஒயர்ல மாட்ட முடியாது. சிக்னல் முறையே வேற.

டியூனர்: எல்லாக் கொழப்பமும் இங்கதான்

சேட்டிலைட்டுல ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி அலைவரிசை கெடையாது. பத்து இருவது சேனல மொத்தமா கட்டி ஒரே மூட்டையா அனுப்புறாங்க, அந்த மூட்டைய சுமக்குற கருவிக்குப் பேரு டிரான்ஸ்பாண்டர். டிவிபி எஸ்ங்கிற பழைய சிக்னல் முறைல வழக்கமான ஒரு டிரான்ஸ்பாண்டர்ல செகண்டுக்கு சுமார் 38 மெகாபிட் போகும், புது எஸ்2 முறைல அதுக்கு மேலயும் போகும். எஸ்டி சேனல், அதாவது ஹெச்டி இல்லாத சாதா சேனல் ஒண்ணுக்கு 2 மெகாபிட் கிட்ட போதும்னு வச்சுக்கிட்டா ஒரு மூட்டைல எத்தன சேனல் அடங்கும்னு நீங்களே கணக்கு போட்டுக்கலாம்.

டியூனர்ங்கிறது ஒரு நேரத்துல ஒரு மூட்டைய மட்டும் அவுத்துப் பாக்குற ஆளு. மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுல திருச்சி பஸ் நிக்கிற பிளாட்பாரத்துல ஒருத்தர நிப்பாட்டி வச்சா, அந்த பிளாட்பாரத்துக்கு வர்ற எல்லா பஸ்ஸையும் அவரு குறிச்சு வச்சுக்குவாரு. ராமேஸ்வரம் பஸ் அந்தக் கடைசி பிளாட்பாரத்துல வந்தா அவருக்குத் தெரியாது. ரெண்டு பிளாட்பாரத்தையும் ஒரே நேரத்துல பாக்கணும்னா ரெண்டு ஆளு வேணும்.

அதேதான் இங்கயும்.

1. ஒரே டியூனர் இருக்குற பாக்ஸ்ல ரெக்கார்டிங் ஓடும்போது நீங்க அந்த சேனலத்தான் பாக்கணும், இல்லன்னா ஏற்கனவே பதிவு பண்ணி வச்சிருக்குறத பாக்கணும். சேனல மாத்துனா "ரெக்கார்டிங் நின்னுரும், பரவாயில்லையா"ன்னு கேக்கும்.

2. சில ஒத்த டியூனர் பாக்ஸ்ல, பதிவாகுற சேனல் எந்த மூட்டைல இருக்கோ அதே மூட்டைல இருக்குற வேற சேனல பாக்க விடும். இத வச்சுத்தான் சில பேரு "இதுல ஒண்ண ரெக்கார்ட் பண்ணிக்கிட்டே வேற பாக்கலாம்"னு விக்கிறாங்க. கடைல டெமோ காட்டுனா வேல செய்யும். வீட்டுக்கு வந்தா நீங்க பாக்க நெனைக்கிற சேனல் வேற மூட்டைல இருக்கும்.

3. ரெண்டு டியூனர் பாக்ஸ்ல ஒண்ணு பதிவாகும், இன்னொண்ணு முழுசா உங்க கைல. ரெண்டையும் பதிவுக்கு விட்டுட்டு பழைய பதிவு எதையாவது பாக்கவும் செய்யலாம்.

சரி, ரெண்டு டியூனர் பாக்ஸே வாங்கிட்டோம்னு வைங்க. இங்கதான் நெறைய வீட்ல வேல கெட்டுப் போகுது. பாக்ஸ் கேபிள் வழியா எல்என்பிக்கு கரண்ட் அனுப்புது. 13 வோல்ட் அனுப்புனா செங்குத்தா வர்ற அலைய மட்டும் கொடு, 18 வோல்ட் அனுப்புனா கிடைமட்டமா வர்றத மட்டும் கொடுன்னு அர்த்தம். அது போக 22 கிலோஹெர்ட்ஸ்ல ஒரு சின்ன துடிப்பு சேத்து அனுப்புனா மேல்பாதி பேண்டுக்கு மாறுன்னு அர்த்தம். ஆக ஒரு ஒயர்ல ஒரு நேரத்துல ஒரு உத்தரவுதான் போக முடியும். மொத டியூனர் 13 கேக்குது, ரெண்டாவது 18 கேக்குதுன்னா அந்த ஒத்த ஒயர் என்ன பண்ணும்?

அதனால ரெண்டு டியூனருக்கு ட்வின் எல்என்பி, அதாவது ரெண்டு ஒயர் மாட்டுற எல்என்பி வேணும், அதுல இருந்து ரெண்டு தனி ஒயர் மொட்டமாடில இருந்து ஹாலுக்கு எறங்கணும். ஃபிட்டிங்குக்கு வர்ற பையன் சில நேரம் ரெண்டாவது ஒயர் இழுக்க சோம்பப்பட்டு, பழைய கேபிள் டிவிக்குப் போடுற ஸ்ப்ளிட்டர் ஒண்ண மாட்டி ஒத்த ஒயர ரெண்டா பிரிச்சுக் குடுத்துட்டுப் போயிருவாரு. அன்னைக்கு சாயங்காலம் எல்லாம் நல்லாத்தான் ஓடும். ரெண்டு நாள் கழிச்சு ஒரு சேனல் ரெக்கார்டிங்ல இருக்கும்போது இன்னொரு பக்கம் பாதி சேனல்ல "சிக்னல் இல்லை"ன்னு வரும், ரெக்கார்டிங்க நிப்பாட்டுனா திரும்ப வந்துரும். இந்த அறிகுறி இருந்தா பாக்ஸ் மேல தப்பில்ல, மேல ஏறிப் பாருங்க, ஸ்ப்ளிட்டர் இருக்கும். ஒரே ஒயர்ல ரெண்டு டியூனருக்கும் குடுக்குற யூனிகேபிள்னு ஒரு முறை நெசமாவே இருக்கு, ஆனா அதுக்கு எல்என்பியும் அந்த ரகமா இருக்கணும், பாக்ஸும் அத புரிஞ்சுக்கிறதா இருக்கணும்.

தலைப்புல பின்பக்கத்த திருப்பிப் பாருங்கன்னு சொன்னது இதுக்குத்தான். டிஷ் ஒயர் திருகி மாட்டுற ஓட்டை எத்தனைன்னு எண்ணுங்க. ஒண்ணே ஒண்ணு இருந்து, யூனிகேபிள்னு எங்கயும் போடலன்னா, அது ஒத்த டியூனர்தான், அட்டைல என்ன வேணா எழுதியிருக்கட்டும். ரெண்டு ஓட்டை இருந்தாலும் ஒண்ணுக்குப் பக்கத்துல "அவுட்"னு இருக்கான்னு பாருங்க, அப்படின்னா அது இன்னொரு பாக்ஸுக்கு சிக்னல கடத்தி விடுற ஓட்டை, ரெண்டாவது டியூனர் இல்ல.

பதிவு எதுல போயி உக்காருது

மூணு வகை இருக்கு.

1. உள்ளயே ஹார்ட் டிஸ்க் இருக்குற பாக்ஸ். நம்ம நாட்டுல 2008ல டாடா ஸ்கை பிளஸ் (இன்னைக்கு டாடா பிளே) வந்தப்ப பிரபலமானது இந்த வகை. லைவ்வ பாஸ் பண்ணி அப்படியே நிறுத்தி வைக்கலாம், பின்னாடி ஓட்டலாம், ஏன்னா நீங்க பாத்துக்கிட்டு இருக்கும்போதே டிஸ்க்ல எழுதிக்கிட்டேதான் இருக்கும். பெரும்பாலும் ரெண்டு டியூனரும் இதுலதான் இருக்கும்.

2. யூஎஸ்பி ஓட்டை மட்டும் இருக்குற ஹெச்டி பாக்ஸ். பென்டிரைவோ ஹார்ட் டிஸ்க்கோ நீங்க வாங்கிப் போடணும். கடைல ரெக்கார்டிங் இருக்குன்னு சொல்றது முக்காவாசி இதத்தான். சில கம்பெனில இந்த வசதிய தொறந்து விட தனியா காசு கேப்பாங்க, வாங்குறதுக்கு முன்னாடி கேட்டுக்கங்க.

3. ஆண்ட்ராய்டு பாக்ஸ். டிஷ்ஷும் வரும், இன்டர்நெட்டும் வரும். இதுல யூஎஸ்பி ஓட்டை இருக்குறதால ரெக்கார்டிங் இருக்கும்னு நெனைச்சுறாதீங்க, அது போட்டோ பாக்கவும் பாட்டு கேக்கவும் மட்டும் இருக்கலாம்.

ஒரு ஜல்லிக்கட்டு எத்தன ஜிபி

கணக்கு சுலபம். செகண்டுக்கு 1 மெகாபிட் வர்ற சேனல் ஒரு மணி நேரத்துக்கு 0.45 ஜிபி புடிக்கும். டிஷ் பாக்ஸ் மேல இருந்து வர்றத அப்படியே எழுதுது, சுருக்கவும் செய்யாது பெருக்கவும் செய்யாது. அதனால,

எஸ்டி சேனல் 2 மெகாபிட்னா மணிக்கு 0.9 ஜிபி.
ஹெச்டி சேனல் 6 மெகாபிட்னா மணிக்கு 2.7 ஜிபி, 8 மெகாபிட்னா 3.6.

காணும் பொங்கல் அன்னைக்கு வீட்ல எல்லாரும் அலங்காநல்லூருக்கு கெளம்புறாங்க, வாடிவாசல் பக்கத்துல கேலரில எடம் கெடைக்குமோ இல்லையோ, டிவில வர்ற நேரலைய காலைல 8ல இருந்து சாயங்காலம் 5 வரைக்கும் பதிவு பண்ணி வச்சுருவோம்னு டைமர் போடுறாங்கன்னு வைங்க. 9 மணி நேரம். ஹெச்டில 9 பெருக்கல் 2.7, 24.3 ஜிபி. ஆக 32 ஜிபி பென்டிரைவ் தாங்கும். எஸ்டில 8 ஜிபி சொச்சம். சாயங்காலம் வந்து போட்டுப் பாத்தா ஒண்ணரை மணி நேரம் ஓடி நின்னு போயிருக்கு. என்ன ஆச்சு?

ஃபேட்32. கடைல வாங்குற 32 ஜிபி பென்டிரைவ் எல்லாம் இந்த முறைல ஃபார்மட் ஆகித்தான் வரும், அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல போக முடியாது. 4 ஜிபிய 2.7ல வகுத்தா ஒண்ணரை மணி நேரம். நல்ல பாக்ஸா இருந்தா தானாவே அடுத்த துண்டுக்குப் போயி எழுதும், திருப்பிப் போடும்போது ஒட்டிக் காட்டும். மட்டமான பாக்ஸ் அங்கயே நின்னுரும். இன்னும் சில பாக்ஸ் மொத தடவ சொருகுனதும் "இத எனக்கு ஏத்த மாதிரி ஃபார்மட் பண்ணிக்கவா"ன்னு கேட்டு தன் சொந்த முறைக்கு மாத்திக்கும், அதுல இந்தப் பிரச்சன வராது, ஆனா உள்ள இருந்த கல்யாண போட்டோ எல்லாம் போயிரும், கவனம்.

இந்தக் கணக்குப்படி பாத்தா 500 ஜிபி டிஸ்க்ல ஹெச்டி 170 மணி நேரத்துக்கு மேல அடங்கும். அவ்வளவு பதிவு பண்ணி யாரு பாக்கப் போறா? ஜிபிய வச்சு பாக்ஸ தேர்ந்தெடுக்காதீங்கன்னு சொல்றது அதனாலதான், ரெண்டாவது டியூனர் குடுக்குற வசதிய 1 டிபி குடுக்காது.

பென்டிரைவ் வேகத்தப் பத்தி பயம் வேண்டாம், 8 மெகாபிட்ங்கிறது செகண்டுக்கு 1 மெகாபைட்டுதான், எந்த ஓட்டை பென்டிரைவும் எழுதிரும். லைவ்வ பாஸ் பண்ணி எழுதவும் படிக்கவும் ஒரே நேரத்துல சொல்லும்போதுதான் மட்டமானது திக்கும். ஹார்ட் டிஸ்க் போட்டா இன்னொரு சங்கதி, யூஎஸ்பி 2 ஓட்டைல 500 மில்லிஆம்பியர்தான் கணக்கு, டிஸ்க் சுத்த ஆரம்பிக்கும்போது அத விட ஜாஸ்தி இழுக்கும், டிக் டிக்னு சத்தம் கேட்டு அணைஞ்சுரும். தனியா பிளக் குத்துற டிஸ்க்கோ, கரண்ட் உள்ள யூஎஸ்பி ஹப்போ போட்டா சரியாயிரும். முந்நூறு ரூவாய்க்கு 1 டிபி பென்டிரைவ்னு பிளாட்பாரத்துல குடுத்தா வாங்காதீங்க, உள்ள 8 ஜிபியோ 16 ஜிபியோதான் இருக்கும், 1 டிபின்னு பொய்யா காட்டும், நெறஞ்சதும் எழுதுறதெல்லாம் காத்துல போகும்.

சாவி யாருகிட்ட

எனக்குத் தெரிஞ்சு வாங்குனவங்க ஏமாந்து நிக்கிறது இங்கதான், அதனால பொறுமையா சொல்றேன்.

காசு கட்டிப் பாக்குற சேனல் எல்லாம் மேல இருந்து பூட்டிதான் வருது. பாக்ஸுக்குள்ள இருக்குற ஸ்மார்ட் கார்டோ சிப்போ, நீங்க ரீசார்ஜ் பண்ணியிருக்கீங்களான்னு பாத்து அந்தப் பூட்ட தொறக்குது. பதிவு பண்ணும்போது பாக்ஸ் அத வெறுமனே எழுதாது, தனக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு சாவி போட்டு திரும்ப பூட்டித்தான் டிஸ்க்ல எழுதும். ஒவ்வொரு பாக்ஸுக்கும் சாவி வேற வேற. அதனால,

1. அந்த பென்டிரைவ லேப்டாப்ல போட்டா ஃபைல் தெரியும், படம் ஓடாது. சில நேரம் ஃபைலே தெரியாது, ஃபார்மட் பண்ணவான்னு கம்ப்யூட்டர் கேக்கும்.

2. பக்கத்து வீட்லயும் அதே கம்பெனி அதே மாடல் பாக்ஸ் இருந்தாலும் அங்க ஓடாது.

3. பாக்ஸ் ரிப்பேர் ஆகி மாத்திக் குடுத்தா பழைய பதிவு பூராம் போச்சு. பென்டிரைவ் நல்லா இருந்தும் பிரயோஜனமில்ல.

4. நெறைய பாக்ஸ்ல ரீசார்ஜ் முடிஞ்சா பழைய பதிவும் தொறக்காது. போன வருஷம் நீங்க காசு கட்டிப் பாத்த மேட்ச்சா இருந்தாலும் சரி.

5. கம்பெனி மாறுனா பாக்ஸே வேஸ்ட். 2020 ஏப்ரல்ல தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், எந்தக் கம்பெனிக்கும் பொருந்துற மாதிரி செட் டாப் பாக்ஸ் இருக்கணும்னு பரிந்துரை குடுத்துச்சு. சிம் மாத்துற மாதிரி கார்டு மாத்தி ஓட்டுற பாக்ஸ் நம்ம கடைங்களுக்கு இன்னும் வந்து சேரல.

அதாவது பதிவு உங்க வீட்ல இருக்கும், ஆனா பாக்ஸோட உசிரு இருக்குற வரைக்கும்தான். தங்கச்சி பாட்டுப் போட்டில பாடுனது, தம்பி மாடு புடிச்சது டிவில வந்ததுன்னு காலத்துக்கும் வச்சுக்க நெனைக்கிற எதையும் கட்டண பாக்ஸ் ரெக்கார்டிங்க நம்பி விட்றாதீங்க.

பூட்டில்லாத ஒரு வழி

டிடி ஃப்ரீ டிஷ். 2004 டிசம்பர்ல டிடி டைரக்ட் பிளஸ்ங்கிற பேர்ல ஆரம்பிச்சது, மாசக் கட்டணம் கெடையாது. இதுல பூட்டில்லாம வர்ற சேனல யூஎஸ்பி ரெக்கார்டிங் இருக்குற சாதா ஃப்ரீ டு ஏர் (பூட்டில்லாத சேனல மட்டும் காட்டுற) பாக்ஸ்ல பதிவு பண்ணா பெரும்பாலும் டிஎஸ்ங்கிற வால் வச்ச ஃபைலா விழும், விஎல்சி பிளேயர்ல போட்டா ஓடும், காப்பி எடுத்து வச்சுக்கலாம். வீட்டுக்குள்ள பாக்குறதுக்கு இது போதும். அத அப்படியே யூடியூப்ல ஏத்துறது, லோக்கல் சேனல்ல ஓட்டுறது எல்லாம் காப்புரிமை விவகாரம், அந்தப் பக்கம் போகாதீங்க.

கொற என்னன்னா தமிழ் சேனல் ரொம்ப கம்மி. டிடி தமிழ் இருக்கு, அதான் 2024 ஜனவரி வரைக்கும் பொதிகையா இருந்தது. சீரியலுக்காக வாங்குனா ரெண்டே நாள்ல வீட்ல சண்டை வரும். படத்த சுருக்கி அனுப்புற முறை ரெண்டு இருக்கு, பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்2 மட்டும் படிக்கிற பழசு வேண்டாம், எம்பெக்4 படிக்கிறதா கேட்டு வாங்குங்க, சில சேனல் அதுல மட்டும்தான் வருது. ஃப்ரீ டிஷ் பாக்ஸே இல்லாம டிவிக்குள்ளயே டியூனர் வச்சு விக்கிறதுக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) தரம் 2022 எண்ணோட வந்தாச்சு, ஐஎஸ் 18112. அந்த மாதிரி டிவி வாங்குனா ரெக்கார்டிங் இருக்கான்னு தனியா கேக்கணும், டியூனர் வேற ரெக்கார்டிங் வேற.

மழை, கரண்ட், வெக்கை

அக்டோபர் சாயங்காலம் நாகமலைப் பக்கம் இருட்டிக்கிட்டு வந்தா டிஷ் பாக்ஸுக்கு தெரிஞ்சுரும், நமக்கு முன்னாடி. கேயூ பேண்ட் அலைய பெரிய மழத்துளி உறிஞ்சிரும். லைவ்வா பாக்குறவங்களுக்கு பத்து நிமிஷம் நீலத் திரை, பதிவுல அது பத்து நிமிஷ ஓட்டையா நிக்கும், சில பாக்ஸ் சிக்னல் போனதும் பதிவையே முடிச்சுரும், திரும்ப வந்தா தொடராது. இதுக்கு பாக்ஸ்ல வைத்தியமில்ல, டிஷ்லதான். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷ 75 ஆக்குனா சிக்னல் பலம் கிட்டத்தட்ட 2 டெசிபல் கூடும், சாதா மழைய தாண்டிரும், பேய் மழைய தாண்டாது. மொதல்ல சொன்ன லாபம் இதுதான், நம்ம டிஷ் உச்சிய பாக்குறதால அலை மழைக்குள்ள கடந்து வர்ற தூரம் கொறைவு. சாஞ்ச கோணத்துல பாக்குற 108 டிகிரி டிஷ்ஷுக்கு அந்த லாபம் கம்மி. நஷ்டம், மல்லாந்து கெடக்குற டிஷ்ல வேப்பிலையும் காக்கா எச்சமும் சேரும், மாசத்துக்கு ஒருக்கா ஈரத்துணி போட்டுத் தொடைக்கணும்.

கரண்ட் விஷயம். டைமர் போட்டுட்டு செவத்துல சுவிட்ச அணைச்சா பதிவாகாது, ரிமோட்ல ஸ்டாண்ட்பைல போடணும், டிவிய மட்டும் அணைக்கலாம். பொழுதன்னைக்கும் சிக்கனமா எல்லா சுவிட்சையும் அணைச்சுட்டுப் படுக்குற பெரியவங்க வீட்ல இருந்தா, டிவி பிளக்கையும் பாக்ஸ் பிளக்கையும் வேற வேற சுவிட்சுக்கு மாத்துங்க, வேற வழியில்ல. மாசாந்திர பராமரிப்புன்னு காலைல 9 மணிக்கு கரண்ட் போனா அந்த நேரத்துல எழுதிக்கிட்டு இருந்த ஃபைல் கெட்டுப் போகலாம். பாக்ஸ் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கட்டும், அது இழுக்குறது ஒரு சின்ன பல்பு அளவுதான்.

உள்ள டிஸ்க் இருக்குற பாக்ஸுக்கு வெக்கை ஆகாது. லைவ் பாஸ் வசதிக்காக டிஸ்க் விடாம சுத்திக்கிட்டே இருக்கும், மே மாசம் மதுரை வெயில்ல ஷோகேஸ் கண்ணாடிக்குள்ள வச்சு, மேல கைப்பின்னல் விரிப்பு போட்டு, அதுக்கு மேல ஒரு செட்டியார் பொம்மையும் வச்சா அது எத்தன வருஷம் தாங்கும்?

நேரக் கணக்கும் முக்கியம். திரைல வர்ற நிகழ்ச்சிப் பட்டியல வச்சுத்தான் டைமர் ஓடுது, அந்தப் பட்டியல் சேனல்காரங்க முன்கூட்டியே குடுத்தது. கள்ளழகர் ஆத்துல எறங்குற நேரலை 7 மணியோட முடியும்னு பட்டியல்ல போட்டிருப்பாங்க, அழகர் பட்டியல பாத்து வர்றதில்ல. முன்னாடி 10 நிமிஷம், பின்னாடி ஒரு மணி நேரம் கூட்டிப் போடுங்க. இப்படி கூட்டிப் போடுற வசதி பாக்ஸ்ல இருக்கான்னு பாக்குறதும் வாங்குற பட்டியல்ல சேத்துக்கங்க.

யாருக்கு எது

வீட்ல ஒரே டிவி, ராத்திரி 7ல இருந்து 10 வரைக்கும் ரிமோட்டுக்கு அடிதடின்னா ரெண்டு டியூனர் பாக்ஸ் கூடுதல் காசுக்கு தகும். இன்னொரு டிவிக்கு இன்னொரு கனெக்‌ஷன் எடுத்தா மாசாமாசம் அதுக்கும் கட்டணும், இது ஒரு தடவ செலவு. ஆனா இந்த ரகத்த எல்லாக் கம்பெனியும் இப்ப விரும்பி விக்கிறதில்ல, ஆண்ட்ராய்டு பாக்ஸத்தான் தள்ளி விடப் பாக்குறாங்க, கேட்டு நிக்கணும்.

வீட்ல நல்ல ஃபைபர் நெட் இருக்கு, பாக்குறது பூராம் பெரிய சேனல் சீரியலும் கிரிக்கெட்டும்தான்னா, உண்மையச் சொன்னா ரெக்கார்டிங்குக்கு காசே போடாதீங்க, அதெல்லாம் ஆப்ல இருக்கு. ரெக்கார்டிங் தேவைப்படுறது ஆப்ல திரும்ப வராததுக்கு, நேரலைக்கு, அப்புறம் உசிலம்பட்டிக்கு அங்கிட்டு நெட் சுத்திக்கிட்டே நிக்கிற ஊருங்களுக்கு.

மத்தபடி ஏற்கனவே ஹெச்டி பாக்ஸ் வச்சிருக்குறவங்க, புதுசு வாங்குறதுக்கு முன்னாடி அதோட பின்னாடியோ பக்கவாட்டுலயோ யூஎஸ்பி ஓட்டை இருக்கான்னு பாருங்க. வீட்ல சும்மா கெடக்குற ஒரு பென்டிரைவ சொருகி ரிமோட்ல செகப்பு ரெக்கார்ட் பட்டன அமுக்குங்க. பாதிப் பேருக்கு செலவு அங்கயே மிச்சம்.

கடைல நின்னு பண்ண வேண்டியது

1. பென்டிரைவ் ஒண்ணு கையோட கொண்டு போங்க, வெறும் பென்டிரைவ். ஓடிக்கிட்டு இருக்குற பாக்ஸ்ல சொருகி ஒரு சேனல பதிவுக்கு விடுங்க.

2. பதிவு ஓடும்போது சேனல் மாத்துங்க, பக்கத்து நம்பர் சேனல் வேண்டாம், கடைக்காரர் சொல்ற சேனலும் வேண்டாம், தூரமா இருக்குற நாலஞ்சு சேனல். எல்லாமே வந்தா ரெண்டு டியூனர். ஒண்ணு ரெண்டு வந்து மத்தது வரலன்னா அந்த மூட்டை வித்தைதான்.

3. பென்டிரைவ புடுங்கி அங்க இருக்குற கம்ப்யூட்டர்ல போடச் சொல்லுங்க. ஓடலன்னா ஆச்சரியமில்ல, ஓடாதுன்னு தெரிஞ்சு வாங்குறீங்க, அதான் முக்கியம்.

4. பாக்ஸ் ரிப்பேர் ஆனா புதுசு குடுப்பாங்களா, ரிப்பேர் பண்ண பழசு குடுப்பாங்களா, உள்ள டிஸ்க் இருந்தா டிஸ்க்குக்கும் வாரன்டி உண்டான்னு பில்லுல எழுதி வாங்குங்க.

5. ட்வின் எல்என்பி, ரெண்டாவது ஒயர், ஃபிட்டிங் கூலி எல்லாம் வெலைல சேந்ததான்னு கேளுங்க. டிஷ்ல இருந்து வர்ற ஒயர் ஆர்ஜி6ங்கிற ரகமா இருக்கணும்.

ரெண்டு மூணு வருஷம் கழிச்சு பாக்ஸ் மாத்த ஆளு வந்தா, அவரு பழச கழட்டி பையில போடுறதுக்கு முன்னாடி பாக்க வேண்டியத எல்லாம் பாத்து முடிச்சிருங்க, ஏணிய எறக்குனதுக்கு அப்புறம் அந்தப் பதிவ எந்தப் பாக்ஸும் தொறக்காது.